மாணிக்கம் என்றால் இரண்டு முறை குதி

தம்பி,

போன சனிக்கிழமை புதுச்சேரியில் ஒரு கடையில் அந்தப் புது வீடியோ கேம் மெஷினைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் பெட்டியைப் பிரித்திருந்தார்கள். புது பிளாஸ்டிக்கின் வாசனை போகவில்லை. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "இன்னா தேடுறீங்க மேடம்?" என்றார்.

"டிஸ்க் போடுற இடம்."

"இந்த மாடல்ல கிடையாதுங்க. எல்லாம் நெட்டுலயே இறங்கிடும். டிஸ்க்தான் வேணும்னா அதுக்குத் தனியா ஒண்ணு வாங்கி மாட்டிக்கணும்."

உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கை தானாகப் பைக்குள் கைபேசியைத் தேடிப் போய்விட்டது. என் கணவர் அதைப் பார்த்தார். மெஷினை என்னிடமிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்றே இருந்தது.

நாம் மூன்று பேர். நீ பனித்திட்டில், உன் மாமாவின் படகில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தாய். ஜெரோம் வில்லியனூர் ரயிலடிப் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். நான் என் கூடப்பிறந்த தம்பி சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன மெஷினில் பொழுதுபோகாமல் ஆடத் தொடங்கி, பிறகு அதை விட முடியாமல் போனவள். எங்கள் வீட்டில் கரும்பு போடுகிறவர்கள் என்பதால் ஆட்டத்தில் என் பெயரைக் 'கரும்பு' என்று வைத்துக்கொண்டேன். நீயும் ஜெரோமும் என்னைக் கரும்பக்கா என்பீர்கள். என் சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாது. ஊரும் தெரியாது. "வில்லியனூர் பக்கம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. உங்களுக்கு முன்னால் ஆட்டத்தில் பழகிய ஒரு கூட்டத்தில் ஒருவன் பேச்சுவாக்கில் என் தெருவைத் தெரிந்துகொண்டு, ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு முன் பைக்கை நிறுத்திக்கொண்டு ஹார்ன் அடித்தான். மாமியார் வாசலில் இருந்தார். அதற்கு நான் பட்ட பாடு போதும் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு யார் கேட்டாலும் ஊரைச் சொல்வதில்லை. ஜெரோம் ஒருமுறை கேட்டான். நீதான், "வுடுடா, சொல்லணும்னா அக்காவே சொல்லும்" என்று அடக்கினாய். அதன் பின் நீ ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

உன் முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். சாயங்காலம் வேலை முடித்து ஹெட்செட்டை மாட்டினால் ஒரு காதில் நீ, ஒரு காதில் ஜெரோம் இருப்பது போல இருக்கும். ஆடுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம்தான் அதிகம். எந்த ஆட்டம் எப்போது வெளியாகப் போகிறது, எதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், முன்னோட்டத்தில் காட்டிய மழை உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்குமா இருக்காதா, அடுத்த மெஷின் எப்படி வரும் என்று நமக்குத் தீராத வழக்கு. நாம் மூவரும் சேர்ந்து அந்தக் கம்பெனிகளையே நடத்துவது போலத்தான் பேச்சு இருக்கும்.

அந்தக் கார்த்திகை மழை நாளை நான் சொல்லித்தான் நீ அறிய வேண்டும் என்றில்லை. ஆனால் என் பக்கத்தில் நடந்ததை முழுதாக உன்னிடம் சொன்னதே இல்லை. நீயும் கேட்கவில்லை.

மாமியாரும் மகளும் பாகூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். மழை விடாததால் அங்கேயே தங்கிவிடுவதாகச் சொன்னார்கள். கணவர் கரும்பு லாரியோடு ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில், மழை வலுப்பதற்கு முன், கொடியில் கிடந்த துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். குவித்து வைத்திருந்த காய்ந்த கரும்புச் சோகையின் ஓரமாக நடந்தபோது கணுக்காலில் சுருக்கென்றது. முள் என்று நினைத்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கதவைத் தாழிட்டு, கைபேசியைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் புது மெஷினைப் பற்றி அறிவிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்களே, எனக்கு அந்த அவசரம்.

ஜெரோம் கடையில் இருந்தபடி அந்த நேரலையைப் பார்த்து நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டத்துக்குள் நம் மூவரின் ஆட்களும் ஒரு பாலத்தின்மேல் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கமான சண்டை தொடங்கியது.

"பாத்துக்கோ, இந்த மெஷினோட சரி. அதுக்கப்புறம் பெட்டியே கிடையாது," என்றான் ஜெரோம். "டிவியில ஒரு பட்டன். அமுக்குனா கேம் எங்கியோ ஓடும், நமக்கு இங்க தெரியும்."

"எங்கியோன்னா எங்கடா?" என்றாய் நீ.

"எங்கியோ ஓடும். உனக்கு இன்னா?"

"நெட்டு நின்னா?"

"நிக்காது."

"பனித்திட்டுக்கு வந்து பாரு. காத்து திரும்புனாலே டவர் படுத்துக்கும். டிஸ்க்க கையில குடுத்தாத்தான் அது என் கேமு."

நான் உன் கட்சி. "டிஸ்க் இல்லாம மெஷின் வந்தா நான் வாங்கவே மாட்டேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். டிஸ்க் என்பது 'டிச்சு' என்று வந்தது. ஜெரோம் கடகடவென்று சிரித்தான்.

"இன்னாக்கா, மழைக்கு எதுனா ஊத்திக்கினியா?"

நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"க்கா, அத இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். இம்முறை இன்னும் மோசமாக வந்தது. நாக்கு வாய்க்குள் தடித்துக் கிடந்தது.

"தூக்கம்டா," என்றேன்.

"மணி எட்டு கூட ஆவல. உனக்கு எங்கருந்து தூக்கம்? க்கா, இது உன் குரல் இல்ல."

அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிறு கொஞ்ச நேரமாகப் பிசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன். டிவியைப் பார்க்க நான் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தேன். இமைகள் பாதிக்குமேல் தூக்க வரவில்லை. பாலத்தின்மேல் நம் ஆட்கள் ஆறு பேராகத் தெரிந்தார்கள்.

"எதுனா கடிச்சுதா?" என்றாய்.

"முள்ளு."

"முள்ள நீ பாத்தியா?"

"இல்ல."

மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு நீ பேசிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய். "போன் எங்க இருக்கு? வூட்ல யாரு இருக்கா? எழுந்திரு. சுவத்தப் புடிச்சிக்கோ."

எழுந்தேன். முழங்கால் மடிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹெட்செட் காதிலிருந்து நழுவவில்லை. கன்ட்ரோலர் கையில் இருந்தது.

"க்கா, நீ எந்த ஊரு?"

தம்பி, அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும். மூச்சு அடைத்துக்கொண்டு வருகிறது, அப்போதும் என் மனம் அந்த ஹார்ன் சத்தத்தைத்தான் நினைத்தது. இவனும் கேட்கிறானே என்று ஒரு நொடி தயங்கினேன். நீ அதைப் புரிந்துகொண்டாய்.

"நான் வர மாட்டேன்க்கா. சத்தியமா உன் வூட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டேன். ஆம்புலன்சு மட்டும்தான் வரும். ஊரச் சொல்லு."

"கரி..." என்றேன். அதற்குமேல் நாக்கு புரளவில்லை.

இன்னொரு காதில் ஜெரோம், "கரிக்கலாம்பாக்கமாடா? கரியமாணிக்கமாடா?" என்று பதறினான். ஒன்றுக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றில் தேடினால் நான் அவ்வளவுதான். எனக்கு அது புரிந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நீ யாரிடமோ வேறு போனில், "ஒரு நிமிசம், ஊர் கேட்டுக்கினு இருக்கேன் சார், லைன வெக்காதீங்க" என்று கெஞ்சுவது கேட்டது. பிறகு என்னிடம் திரும்பினாய்.

"க்கா, கையி வேல செய்யுதா? உன் ஆள குதிக்க வையி. பாக்கம்னா ஒரு தபா குதி. மாணிக்கம்னா ரெண்டு தபா குதி."

கட்டைவிரல் மட்டும்தான் நான் சொன்னதைக் கேட்டது. அமுக்கினேன். பாலத்தின்மேல் என் ஆள் குதித்தான். இன்னொரு முறை அமுக்க வேண்டும். விரலைத் தூக்கி மறுபடி வைப்பதற்குள் நீங்கள் ஒன்று என்று எடுத்துக்கொண்டுவிடுவீர்களோ என்று பயம். நீ அவசரப்படவில்லை. காத்திருந்தாய். மறுபடி குதித்தான்.

"மாணிக்கம்," என்றாய் நீ. "கரியமாணிக்கம் சார். நெட்டப்பாக்கம் கொம்யூன்."

ஊர் கிடைத்தது. வீடு? என் பெயர் உனக்குத் தெரியாது. கரும்பக்கா வீடு என்று கேட்டால் எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? நான் ஆடுகிறேன் என்பதே தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அப்போதுதான் நீ, "அம்மா! யம்மா!" என்று கத்தினாய். என் காது அடைத்துப்போனது. உன் அம்மா வண்டியில் மீன் எடுத்துக்கொண்டு பாகூரிலிருந்து எங்கள் பக்கம்வரை வருகிறவர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"கரியமாணிக்கத்துல உனுக்கு யாருமா தெரியும்? போன் நம்பர் இருக்கா?"

"சரோஜா இருக்குது. இன்னாடா ஆச்சு?"

"கேளு அதுகிட்ட. தண்ணி டேங்க் கிட்ட வூடு. மோட்டர் ஓடறதும் தண்ணி வழியறதும் கேக்கும். பக்கத்துல புதுசா டைல்ஸ் போட்ட வூடு இருக்கணும். ஆடி மாசம் பூரா வெட்டிக்கினு இருந்தாங்க."

நான் தரையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த டைல்ஸ் வெட்டும் சத்தத்தை எத்தனை நாள் நீங்கள் இருவரும் திட்டியிருப்பீர்கள்! என் மைக் வழியாக என் வீட்டைச் சுற்றிக் கேட்டதெல்லாம் உன்னிடம் இருந்தது. நான் மறைத்து வைத்திருந்த இடத்தின் அடையாளங்களை நீ காதாலேயே பிடித்து வைத்திருந்தாய். அத்தனை நாளும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தாய்.

"ஜெரோம், நீ லைன்லயே இரு. அக்காவ தூங்க வுடாத. பேசிக்கினே..."

பாலத்தின்மேல் உன் ஆள் அப்படியே நின்றான். பிறகு காணாமல் போனான். பனித்திட்டில் கரண்ட் போயிருந்தது.

ஜெரோமுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. நாள் முழுக்க வாய் மூடாதவன் அவன். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு திடீரென்று ஆரம்பித்தான். "க்கா, மெஷினக் காட்டிட்டாங்க. கருப்பு கலரு. கேக்குதா? கேட்டா குதி."

குதித்தேன்.

"பழசவிட சின்னது. சத்தம் வராதாம். கேக்குதா?"

குதித்தேன்.

"டிஸ்க்கு இருக்கா இல்லியான்னு இன்னும் சொல்லல. சொல்லுவானுங்க. நீ இருந்து கேக்கணும். பாதில போவக் கூடாது. க்கா? குதிக்கா. க்கா, குதி."

கடைசியாக எப்போது குதித்தேன் என்று தெரியாது. மூச்சை ஒவ்வொன்றாக நானே இழுக்க வேண்டியிருந்தது. இழுத்துவிட்டால் அடுத்ததை இழுக்க வேண்டும் என்ற நினைப்பு. கதவு இடிபடும் சத்தமும், தாழ்ப்பாள் தெறித்த சத்தமும், ஒரு பெண் "ஐயோ, இது நம்ம கீதாடி" என்றதும் கேட்டன. யாரோ என் காதிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கினார்கள். அது தரையில் விழும்போது அதற்குள் ஜெரோம் அழுதுகொண்டிருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சுக் கொடுத்தார்கள். கட்டுவிரியன் என்றார்கள். சோகைக் குவியலைப் பிரித்தபோது அது உள்ளேதான் கிடந்ததாம். நான் கண் விழித்த அன்று என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "ஒரு பையன் தெனமும் போன் பண்றான். யார்கிட்டயோ என் நம்பர் வாங்கியிருக்கான். கரும்பு எப்படி இருக்குன்றான். நான் லோடு பத்திதான் கேக்குறான்னு நெனச்சி, ஆலையில இறக்கியாச்சுப்பான்னு சொல்லிட்டேன். அவன் அழுவுறான்."

குழாயோடு என்னால் சிரிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

முகம் தெரியாத பையன்களோடு என்ன பேச்சு என்று மாமியார் கேட்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, "அந்தப் புள்ளைய ஒரு நாளு வரச் சொல்லு. சோறு போடணும்," என்றார். உன்னிடம் சொன்னேன்.

"வாசல்ல நிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேனேக்கா," என்றாய்.

"வாசல்ல நிக்காதடா. உள்ள வா."

"வரேன். அந்த மெஷினு கடைக்கு வரட்டும். நானும் ஜெரோமும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினு வந்து உங்க வூட்டுலயே பிரிக்கறோம்."

மெஷின் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. நாம் மூவரும் அதே பாலத்தில் நின்று அதே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மாற்றம் மட்டும். நான் கொட்டாவி விட்டால்கூட நீ பேச்சை நிறுத்தி, "க்கா, டிஸ்க்குன்னு சொல்லு" என்பாய். நான் திருத்தமாகச் சொன்ன பிறகுதான் மேலே பேசுவாய்.

மாசி மாதத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி சில நாட்களாக எரியவில்லை. கடலுக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். ஜெரோம் என்னை ஆட்டத்தில் கூப்பிடவில்லை. கைபேசியில் கூப்பிட்டான். அதுவே எனக்கு ஏதோ சொல்லிவிட்டது. விடியற்காலையில் ஐஸ் எடுக்கப் போயிருக்கிறாய். கடலூர் சாலையில் லாரி. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரைகூட உயிர் இல்லை என்றான்.

நானும் கணவரும் ஜெரோமும் வந்தோம். பனித்திட்டில் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். உன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது அதில்தான். காது கொஞ்சம் பெரிது. சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது. நான் நினைத்து வைத்திருந்த முகம் வேறு. அந்த இரண்டு முகங்களையும் ஒன்றாக்க முடியாமல் பேனருக்குக் கீழேயே நின்றேன். உன் அம்மாவிடம் போய் நான் யாரென்று சொல்ல வாய் வரவில்லை. கணவர்தான், "கரியமாணிக்கம்மா," என்றார். உன் அம்மா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

அதன் பிறகு ரொம்ப நாள் அவர் எங்கள் ஊருக்கு மீன் கொண்டு வரவில்லை. சித்திரை கழிந்து ஒரு நாள் வண்டி எங்கள் வாசலில் நின்றது. மத்தி கொடுத்தார். தண்ணீர் கேட்டார். உள்ளே வந்தவர் டிவியையும் அதன் கீழே இருந்த பழைய மெஷினையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலதான் பேசுவீங்களா?"

"ஆமாம்மா."

"அப்டி இன்னாதான்மா பேசுவீங்க? ராவெல்லாம் ஒரே கத்தலு. எனக்கு இவன் பேசுறது மட்டும்தான் கேக்கும். அந்தப் பக்கம் இன்னா சொல்றாங்கன்னு தெரியாது. இவன் திடீர்னு சிரிப்பான். எதுக்குச் சிரிச்சான்னு தெரியாது. கேட்டா, உனுக்குப் புரியாதும்மான்னுடுவான்."

கொஞ்ச நேரம் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளு, 'நான் இன்னா வாடகைக்கு உக்காந்து ஆடணுமா?'ன்னு கத்துனான். பாயெல்லாம் உதறிக்கினு எழுந்துட்டான். அது இன்னாம்மா? யாரு இவன வாடகை கேட்டது?"

எனக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மாதா மாதம் பணம் கட்டினால் எல்லா ஆட்டமும் வந்துவிடும், ஒன்றையும் சொந்தமாக வாங்க வேண்டாம் என்று ஜெரோம் சொன்னதை, கட்டுவதை நிறுத்தினால் எல்லாம் போய்விடுமே என்று நீ கேட்டதை, போனால் போகட்டும் என்று அவன் சொன்னதை. அதற்குத்தான் நீ கத்தினாய்.

உன் அம்மா முழுதும் கேட்டார். தெருவில் வண்டியைச் சுற்றிப் பூனைகள் வந்துவிட்டன, அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்ப அவன் கேட்டது நாயந்தான?" என்றார்.

"நாயந்தாம்மா."

"அந்தப் பையன் அதுக்கு இன்னா சொன்னான்?"

"பேச்ச மாத்திட்டான்."

உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குழி அவருக்கும் ஒரு பக்கம்தான் விழுகிறது. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். நீ பேசியதில் ஏதாவது ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டு வருவார். எந்த நாள் என்று தெரியாது, யாரிடம் என்று தெரியாது, நீ சொன்ன ஒரு வரி மட்டும் அவரிடம் இருக்கும். நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததைச் சொல்வேன். சில சமயம் எனக்கும் தெரியாது. அப்போது ஜெரோமைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவனும் கடையை விட்டு வெளியே வந்து நின்று யோசித்துச் சொல்கிறான்.

போன வாரம் அவர் கேட்ட ஒன்று எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை. 'நீ இருக்கறப்ப நான் தோத்தாலும் எனக்கு வருத்தமே தெரியலக்கா' என்று ஒரு நாள் நீ சொன்னாயாம். நான் அதற்கு என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை, தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நினைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா,
கீதா